நீ அனுப்புன ஓல்மெக் வீடியோ பத்தி

மாப்ள,

நல்லா இருக்கியா, அம்மாவுக்கு சுகர் எவ்ளோ இருக்கு இப்போ? இங்க எல்லாரும் சுகம். நேரா விஷயத்துக்கு வரேன், மெக்சிகோவுல மூவாயிரம் வருஷத்துக்கு முன்ன வாழ்ந்த ஓல்மெக் ஜனங்கள பத்தின அந்த வீடியோ என் மண்டைய விட்டு எறங்கவே மாட்டேங்குது. அவ்ளோ பெரிய கல்லுத் தலைய காட்டுல இருக்குறவன் செதுக்கிருக்கவே முடியாது, கடல் தாண்டி யாரோ வந்துதான் சொல்லிக்குடுத்தாங்கன்னு அந்தாளு அடிச்சு விடுறான், நீயும் "வேற லெவல்"னு போட்டு அனுப்புற, ரவி வேற கைதட்டுறான்.

அந்த ஊரு மண்ண பத்தி அவன் ஒரு வார்த்த பேசுனானா சொல்லு. மெக்சிகோ வளைகுடா ஓரம், வெராக்ரூஸ், தபாஸ்கோ பக்கம், முழுக்க சதுப்பும் ஆறும். மழைக்காலத்துல கோட்சகோல்கோஸ் ஆறு கரை மீறி ஓடும், வடிஞ்சதும் கரையோர மேட்டுல புது வண்டல் நிக்கும், அதுல மக்காச்சோளம் போடலாம். சுத்தி இருக்குற தண்ணில மீனும் ஆமையும். சோளம் மட்டுமே இவங்கள வளத்துச்சுன்னு சொல்றத என்னால ஏத்துக்க முடியல, அந்த மீனுக்கும் ஆமைக்கும் பெரிய பங்கு இருக்கு.

மைக்கேல் கோ, ரிச்சர்ட் டீல்னு ரெண்டு தொல்லியல் ஆளுங்க 1966ல இருந்து 68 வரைக்கும் சான் லொரென்சோங்குற ஓல்மெக் ஊருல தோண்டுனாங்க. அடில சாதாரண கிராமத்துப் பானை ஓடு, அதுக்கு மேல மண்ணக் கொட்டி மேட்ட ஒசத்துன அடுக்கு, பெரிய சிலையெல்லாம் அதுக்கும் அப்புறம்தான். படிப்படியா வளந்திருக்குடா! எவனோ ஒருத்தன் ஒரே நாள்ல கப்பல்ல கொண்டு வந்து எறக்குன சமாச்சாரமா இது? பக்கத்துல எல் மனாத்தின்னு ஒரு ஊத்து, அங்க சேத்துக்குள்ள கிமு 1600 வாக்குல போட்ட ரப்பர் பந்து கெடச்சிருக்கு, மரத்துல செதுக்குன மொகங்கள் கூட காத்துப் படாததால மக்காம அப்படியே இருந்துச்சு. ரப்பர் அவங்க காட்டு மரத்துப் பால்தான், அத ஒரு கொடியோட சாறு கலந்து எறுக வச்சாங்க. எவன் வந்து சொல்லிக்குடுப்பான் இத?

தலைங்களுக்கு கல்லு துஸ்த்லா எரிமலைப் பக்கத்துல இருந்து வந்துச்சு, சுமார் 60 கிலோமீட்டர் தள்ளி. சிலது 20 டன்னுக்கு மேல, வண்டிச் சக்கரமும் கெடையாது இழுக்க மாடும் கெடையாது, எத்தன பேரு கூடி இழுத்திருப்பாங்க, அத்தன பேருக்கும் சோறு போட்டது யாரு, அந்த ஆத்தங்கரைதான. அந்த மனுஷங்களோட உழைப்ப புடுங்கி எவனுக்கோ குடுக்குறாங்கடா, எனக்கு நெஜமாவே வயிறு எரியுது.

அந்த மண்ணு புளிப்பு மண்ணு, எலும்பு பெரும்பாலும் கரஞ்சு போயிரும், அதனால அந்த ஜனங்க எப்படி செத்தாங்க, எங்க பொதச்சாங்கன்னு கண்டுபுடிக்கிறதே கஷ்டம். இதுல லா வென்ட்டாங்குற இன்னொரு ஓல்மெக் ஊருல எண்ணெய் எடுக்குறவங்க வந்து எடத்துல ஒரு பகுதிய அழிச்சே போட்டாங்க, கார்லோஸ் பெய்யிசேர்னு ஒரு கவிஞர்தான் முன்ன நின்னு தலைகளையும் பலிபீடங்களையும் வியாஎர்மோசா நகரத்துக்கு கொண்டு போய் பூங்கா அமைச்சாரு.

அந்த வீடியோவ குரூப்ல இருந்து எடுத்துரு. இல்ல அதுதான் சரின்னா ஞாயித்துக்கெழம போன் பண்ணு, ரவியையும் லைன்ல சேத்துக்க, சண்ட போடலாம்.

உன்,
மணி