வராத பூச்சிக்கு மருந்தா?

ஆசிரியருக்கு,

வணக்கம். சம்பா நடவு முடிந்த கையோடு உங்கள் வேளாண் பக்கத்தில் வந்த குறிப்பில், 15ஆம் நாள் யூரியாவுடன் குருணை மருந்து, 25ஆம் நாள் 'முன்னெச்சரிக்கையாக' ஒரு தெளிப்பு என்றிருந்தது. எந்தப் பூச்சிக்கு என்று மட்டும் இல்லை. மருந்துக்கடையிலும் இதையேதான் சொல்கிறார்கள். பத்திரிகையும் சொல்ல வேண்டுமா?

அந்த வயதில் இலைச்சுருட்டுப்புழு நாலு இலையைச் சுரண்டினாலும் பயிர் புது இலையும் தூரும் (பக்கத் தண்டும்) விட்டுச் சரிக்கட்டிக்கொள்ளும். நட்ட புதிதில் வயல் தண்ணீரில் மக்கும் தழையிலிருந்து சிறு கொசுக்கள் ஏராளமாகக் கிளம்பும். அவை பயிரைத் தொடாது. அவற்றைத் தின்றுதான் சிலந்திகள் பெருகுகின்றன. பின்னால், தண்டின் அடியில் சாறு உறிஞ்சும் புகையான் பூச்சி வந்தால் பிடிப்பதும் அதே சிலந்திகள்தான். 25ஆம் நாள் தெளிப்பில் சிலந்தியும் சாகிறது, புகையான் முட்டையை உறிஞ்சும் மிரிட் நாவாய்ப்பூச்சியும் சாகிறது. புகையானின் முட்டையோ இலையுறைக்குள் பத்திரமாக இருக்கிறது. ஒரு வாரம் பத்து நாளில் குஞ்சு வெளிவரும்போது அதைத் தின்ன வயலில் ஆளில்லை. பிறகு கதிர் வரும் நேரத்தில் வட்டவட்டமாகப் பயிர் காய்ந்ததும், மருந்து போதவில்லை என்று இன்னொரு டேங்க்! சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் போன்ற பூச்சிமருந்துகள் புகையானைக் கிளப்பிவிடும் என்பது வேளாண் துறையினருக்குத் தெரியாததல்ல.

இந்தோனேசியா இதில் நன்றாக அடிபட்ட நாடு. அரசே மானியம் கொடுத்து மருந்தடிக்க வைத்தது, புகையான் குறையவில்லை. 1986இல் நெல்லுக்கான 57 பூச்சிமருந்துகளை ஒரே உத்தரவில் தடை செய்தார்கள், பிறகு மானியத்தையும் நிறுத்தினார்கள். விளைச்சல் விழவில்லை.

நம் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கணக்கே கைவசம் இருக்கிறது. தூருக்கு ஒரு புகையான் என்றால் மருந்து. குத்துக்கு (ஒரே இடத்தில் நட்ட கொத்துக்கு) ஒரு சிலந்தி இருந்தால் தூருக்கு இரண்டு வரை பொறுக்கலாம். எண்ணிப் பார்த்து அடி என்பதுதான் இதன் பொருள். காலண்டரைப் பார்த்து அல்ல.

அடுத்த முறை நாள் கணக்கை விட்டுவிட்டு இந்த எண்ணிக்கையைப் போடுங்கள். சிலந்தி, ஊசித்தட்டான், பொறிவண்டு, மிரிட் பூச்சி படங்களையும் பக்கத்திலேயே அச்சிட்டால் நல்லது. மிரிட் பூச்சியைப் புகையான் என்று நினைத்து மருந்தடிப்பவர்கள் எங்கள் பக்கம் இன்னும் இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஒரு சம்பா விவசாயி,
மன்னார்குடி வட்டம்.