அடைத்த நாளை அச்சிடுங்கள்: சிறு பியர் ஆலைகளை நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய சிறு பியர் ஆலை உரிமையாளர்களுக்கும், அங்கே பியர் வடிக்கும் தொழில் வல்லவர்களுக்கும் வணக்கம்.

உங்கள் பியரைப் பல ஆண்டுகளாக விரும்பி அருந்தி வருபவன் என்ற உரிமையில் இந்த மடலை எழுதுகிறேன். என் கோரிக்கை ஒன்றே ஒன்றுதான். பாட்டிலிலோ டின்னிலோ பியரை அடைத்த நாளை, யார் பார்த்தாலும் புரியும்படி அதன் மேலேயே அச்சிடுங்கள். இது உங்கள் காதுக்குப் புதிய செய்தி அல்ல. என்னைப் போன்ற பலர் நேரிலும் கடிதத்திலும் கேட்டிருப்பார்கள். உங்களில் சிலர் செவிசாய்த்து அச்சிட்டும் வருகிறீர்கள், அவர்களுக்கு என் நன்றி. மற்றவர்களை நோக்கியே இதை எழுதுகிறேன்.

மருத்துவரின் சொல்லுக்குக் கட்டுப்பட்டு வாரத்துக்கு ஒரு கோப்பைக்கு மேல் நான் அருந்துவதில்லை. சனிக்கிழமை மாலையில், அரசியலில் முப்பது ஆண்டுகளாக எனக்கு நேரெதிர்ப் பக்கத்தில் நிற்கும் என் நண்பர் வருவார். ஒரு பெரிய பாட்டிலைத் திறந்து இருவரும் பங்கிட்டுக்கொள்வோம். வரிவிதிப்பில் தொடங்கி வாக்குச்சீட்டு வரைக்கும் எங்களுக்குள் ஒத்துப்போகும் விஷயம் எதுவுமே கிடையாது. ஆனாலும் கோப்பையை மூக்கருகே கொண்டுபோகும் அந்த முதல் நொடியில் இருவருமே பேச்சை நிறுத்திவிடுவோம். பியருக்கு மணமும் கசப்பும் தரும் பூவான ஹாப்ஸிலிருந்து, ஆரஞ்சுத் தோலைக் கிள்ளினாற்போல எழும் வாசனைக்கு முன்னால் எந்தக் கட்சிக்காரருக்கும் உடனே வாதம் வருவதில்லை.

கடந்த மாதம் தேர்தல் முடிவு வெளியான வாரத்தில் அவர் ஆதரித்த அணி தோற்றது. வென்ற பக்கத்தில் நின்ற நான் அவருக்கு ஆறுதல் சொல்லப் போனால் அது குத்திக்காட்டுவது போலாகிவிடும் என்று அஞ்சினேன். அதனால் வார்த்தைக்குப் பதிலாக, அவருக்கு மிகவும் பிடித்த, ஹாப்ஸ் மணம் தூக்கலான ஐபிஏ என்ற பியர் வகையில், நல்ல பெயரெடுத்த ஒரு சிறு ஆலையின் பாட்டிலை வாங்கி வைத்தேன். திறந்து ஊற்றியபோதே மனம் துணுக்குற்றது. பொன்னிறமாக இருக்க வேண்டியது மங்கிய செம்பு நிறத்தில் இருந்தது. ஆரஞ்சும் இல்லை, பைன் மரத்தின் மணமும் இல்லை. மழையில் நனைந்து காய்ந்த அட்டைப்பெட்டியின் வாடை அடித்தது; நாக்கில் பாகு போன்ற திகட்டும் இனிப்பு மட்டும் தங்கியது. நண்பர் ஒன்றும் சொல்லவில்லை. கோப்பையைக் கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு, “நன்றாக இருந்தது” என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். தோற்ற மனிதர் என் மனம் நோகக் கூடாதென்று பொய் சொல்ல வேண்டியிருந்ததே என்பதுதான் அன்றிரவு என்னைத் தூங்கவிடவில்லை.

அவர் போன பிறகு பாட்டிலை விளக்கடியில் வைத்து, அது எப்போது அடைக்கப்பட்டது என்று தேடினேன். லேபிளின் முன்பக்கத்தில் மலை ஒன்றின் அழகான ஓவியம் இருந்தது. பின்பக்கத்தில் ஹாப்ஸ் விளைந்த பள்ளத்தாக்கின் பெயர், மால்ட் எனப்படும் முளைகட்டிய தானியத்தின் வகை, எந்த உணவோடு அருந்தலாம் என்ற பரிந்துரை எல்லாம் இருந்தன. நாள் மட்டும் இல்லை. கைவிளக்கையும் பூதக்கண்ணாடியையும் எடுத்துக்கொண்டு கழுத்து, மூடி, அடிப்பாகம் என்று புரட்டிப் புரட்டிப் பார்த்ததில், தோளின் வளைவில் பாதி அழிந்த கறுப்பு மையில் நான்கு இலக்கங்கள் தென்பட்டன: 0983. அதை ஆண்டின் 98ஆம் நாள், ஆண்டின் கடைசி இலக்கம் 3 என்று படிக்கலாம். வேறு விதமாகவும் படிக்கலாம். அந்த ஆலைக்கே எழுதிக் கேட்டேன். மூன்று வாரம் கழித்து, மிகவும் மரியாதையான மொழியில், அந்தக் குறியீடு ஆலையின் உள் பயன்பாட்டுக்கு மட்டுமே உரியது என்றும், தரத்தில் நம்பிக்கை வைத்துத் தொடர்ந்து அருந்துமாறும் பதில் வந்தது.

நம்பிக்கையைப் பற்றி நான் பேச வேண்டியிருப்பது அந்தப் பதிலால்தான். நாள் உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. அதைப் பாட்டிலின் மேலேயே எழுதியும் வைக்கிறீர்கள். பணம் கொடுத்து வாங்குபவனுக்கு மட்டும் அது புரியாதபடி எழுதி வைக்கிறீர்கள். அச்சிடாமலே விட்டிருந்தால், மறதி என்றாவது நான் மன்னித்திருப்பேன்.

ஹாப்ஸின் எண்ணெய்கள் எத்தனை சீக்கிரம் மங்குபவை என்பதை நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அடைக்கும்போது உள்ளே சிக்கும் துளி ஆக்சிஜனே வாரக்கணக்கில் அந்த மணத்தைத் தின்றுவிடுகிறது. கிடங்கு வெப்பமாக இருந்தால் இன்னும் வேகமாகத் தின்கிறது. மறுபுறம், பார்லி ஒயின் எனப்படும் கடும் பியரையும் பெல்ஜியத்தின் புளிப்புப் பியரான லாம்பிக் வகைகளையும் இருட்டறையில் ஆண்டுக்கணக்கில் முதிரவிட்டுச் சுவைப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கும் கணக்குத் தொடங்கும் நாள் தெரிந்தாக வேண்டும். “இந்தத் தேதிக்குள் அருந்தவும்” என்ற அச்சு இதற்கு ஈடாகாது. அந்தக் கெடுவை ஒவ்வோர் ஆலையும் தன் விருப்பப்படி வைக்கிறது; அதிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு எவராலும் பியரின் வயதைக் கண்டுபிடிக்க முடியாது. அடைத்த நாளை மட்டும் சொல்லிவிட்டால் போதும், மீதியை நாங்களே முடிவு செய்துகொள்வோம்.

மதுவின் வரலாற்றைப் படிப்பதில் எனக்கு நெடுநாள் ஈடுபாடு உண்டு. பெரும்பாணாற்றுப்படையில் அரிசியிலிருந்து கள் வடிக்கும் முறை ஒன்று வருகிறது. அரிசியைக் களியாகத் துழாவி, அகன்ற வாயுள்ள தட்டில் ஆறவிட்டு, முளைநெல்லை இடித்த அடையைக் கலந்து, சாடியில் இரண்டு பகலும் இரண்டு இரவும் வைத்திருந்து பிழிந்தெடுப்பதை அந்தப் புலவர் வரிசையாகச் சொல்கிறார். வாசனையையும் சுவையையும் மட்டும் பாடிவிட்டு அவர் போயிருக்கலாம். எத்தனை நாள் என்பதையும் சொல்லித்தான் மேலே போகிறார். காலமும் அந்தக் கள்ளின் ஒரு பகுதி என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை நடைமுறையில் இருந்த மதுவிலக்கைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் லேபிள் என்ற இந்தச் சின்னக் காகிதத்தின் மதிப்பு எனக்குக் கூடிக்கொண்டே போகிறது. அந்த விலக்குக்காகப் போராடியவர்களை இகழ்பவன் அல்ல நான். கணவனின் கூலி முழுவதும் மதுக்கடையில் கரைவதைக் கண்டு 1874இல் சங்கம் அமைத்துத் தெருவுக்கு வந்த கிறித்தவப் பெண்களின் கோபம் முற்றிலும் நியாயமானது. ஆனால் சட்டம் வந்த பிறகும் குடி ஒழியவில்லை. பாட்டிலின் மேல் இருந்த பெயரும் ஊரும் அளவும்தான் ஒழிந்தன. தொழிற்சாலைகளுக்கான ஆல்கஹாலை எவரும் குடித்துவிடக் கூடாதென்று மெத்தனால் போன்ற நஞ்சை அதில் கலக்க அரசே ஆணையிட்டிருந்தது. அது கள்ளச் சந்தைக்குப் போனது, குடித்தவர்கள் பலர் மாண்டார்கள். தன் கையில் இருப்பது என்ன, அதை வடித்தது யார், எப்போது என்று அன்று குடித்தவனுக்குத் தெரியாது. சட்டத்துக்கு உட்பட்ட மதுவை மற்றதிலிருந்து பிரித்துக் காட்ட சாதாரண மனிதனின் கையில் இருக்கும் அடையாளம், உண்மையைச் சொல்லும் லேபிள்தான்.

விலக்கு நீங்கிய பிறகும் அந்த உண்மை உடனே வந்துவிடவில்லை. ஆலைகள் போட்டி போட்டுக்கொண்டு கடுமையைக் கூட்டிவிடும் என்ற அச்சத்தில், பியர் லேபிளில் ஆல்கஹால் அளவை அச்சிடக் கூடாது என்று 1935இல் அங்கே சட்டம் இயற்றினார்கள். கூர்ஸ் என்ற பியர் நிறுவனம் அதை எதிர்த்து வழக்காடியதில், 1995இல்தான் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அந்தத் தடையைச் செல்லாததாக்கியது. ஓர் எண்ணை, ஓர் உண்மையான எண்ணை லேபிளில் போடும் உரிமைக்காக ஒரு நிறுவனம் நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. அடைத்த நாளை அச்சிட வேண்டாமென்று உங்களை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. நீங்களேதான் தடுத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

உங்கள் தொழில் அரசியலால் பிறந்தது என்பதையும் நினைவூட்ட விரும்புகிறேன். வீட்டில் பியர் வடிப்பது அமெரிக்காவில் விலக்கு முடிந்து 45 ஆண்டுகள் வரை குற்றமாகவே இருந்தது. அதிபர் கார்ட்டர் 1978 அக்டோபரில் கையொப்பமிட்ட சட்டத்தால்தான் அது மாறியது. அன்று சமையலறையில் பானை வைத்துப் பழகியவர்களில் பலரே பின்னாளில் உங்களுக்கு வழிகாட்டிகள் ஆனார்கள். அதற்கு முன்பே, 1971இல், உயிரற்றுப்போன பியரைச் சலிப்போடு குடித்துக்கொண்டிருந்த நான்கு பிரிட்டிஷ்காரர்கள் தொடங்கிய காம்ரா என்ற பியர் விரும்பிகளின் இயக்கம், ஏல் எனப்படும் அந்நாட்டின் பழைய பியர் வகைகளை அழிவிலிருந்து மீட்டது. அவர்கள் எவரும் ஆலை முதலாளிகள் அல்லர். குடிப்பவர்கள். எங்களைப் போன்றவர்கள் கேட்டதால்தான் உங்களுக்குச் சந்தை உண்டாயிற்று; அந்த உரிமையில்தான் இன்றும் கேட்கிறோம்.

ஒளிவுமறைவின்மை இந்தத் தொழிலுக்கு அந்நியமான பண்பும் அல்ல. டென்மார்க்கின் கார்ல்ஸ்பர்க் பியர் ஆலையின் ஆய்வகத்தில் எமில் ஹான்சன் 1883இல் தூய ஈஸ்ட்டைப் பிரித்தெடுத்து வளர்க்கும் முறையைக் கண்டபோது, அந்த ஆலை அதைப் பூட்டி வைக்காமல் மற்ற ஆலைகளுக்கும் பகிர்ந்தது. பெருநிறுவனங்களின் பியரை உயிரில்லாதது என்று நீங்கள் சொல்லிவந்த காலத்தில், அவற்றில் மிகப் பெரியதான அன்ஹைசர்-புஷ் 1996இல் தன் பாட்டில்களில் பியர் ‘பிறந்த நாளை’ அச்சிடத் தொடங்கியது. அது விளம்பர உத்தியாகவும் இருந்திருக்கலாம். இருந்தாலும் வாங்குபவனுக்கு நாள் தெரிந்தது. அவர்களைவிட நேர்மையானவர்கள் என்று நம்பித்தான் நாங்கள் உங்களிடம் வந்தோம்.

அச்சு இயந்திரம் வாங்க முடியாத அளவுக்குச் சிறிய ஆலைகள் இருப்பதை அறிவேன். அவர்கள் லேபிளின் ஓரத்தில் மாதங்களை வரிசையாக அச்சிட்டு, அடைத்த மாதத்துக்கு நேரே சிறு வெட்டு ஒன்றைப் போட்டுவிடலாம். இந்த முறையை முன்பே கையாண்ட ஆலைகள் உண்டு. ரப்பர் முத்திரையும் போதும். ஆக, செலவு உண்மையான தடையல்ல. நாள் தெரிந்துவிட்டால் பழைய சரக்கைக் கடைக்காரர் திருப்பி அனுப்புவார் என்பதே உங்கள் அச்சம் என்று நினைக்கிறேன். அந்த இழப்பு சிறு தொழில் செய்பவருக்குப் பெரிது, அதை எளிதாக ஒதுக்கிவிட மாட்டேன். ஆனால் நாளை மறைப்பதால் அந்த இழப்பு இல்லாமல் போய்விடுவதில்லை. உங்கள் கையிலிருந்து கடைக்காரர் கைக்கும், அங்கிருந்து வாரத்துக்கு ஒரு கோப்பை மட்டும் அருந்தும் என் கைக்கும் அது வந்து சேர்கிறது. கேட்காமலே என் தலையில் கட்டுகிறீர்கள்.

மறைப்பது நாளோடு நிற்கவில்லை என்பதும் என் வருத்தம். தனித்து நிற்பதாக நாங்கள் நம்பிய ஆலைகள் பன்னாட்டு நிறுவனங்களின் கைக்குப் போன பிறகும் லேபிளில் பழைய கதையும் பழைய படமுமே இருக்கின்றன. அரசாங்கங்களோ மதுவின் கேட்டைப் பற்றி ஒரு கையால் அறிவுரை எழுதிக்கொண்டே மறு கையால் அதன் வரியை எண்ணிக்கொண்டிருக்கின்றன. இதையெல்லாம் பற்றி நானும் நண்பரும் பேசத் தொடங்கினால் எந்தச் சனிக்கிழமையும் போதாது; இந்த மடலிலும் அதற்கு இடமில்லை. என் கோரிக்கைக்குத் திரும்புகிறேன். கோபத்தில் ஏதேனும் கடுமையாகச் சொல்லியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் உழைப்பின் மேல் எனக்குள்ள மதிப்பு குறையவில்லை. அதிகாலையில் கொதிகலனுக்கு முன் நின்று நீங்கள் கவனித்துக் கவனித்துச் சேர்க்கும் ஹாப்ஸ், நீங்கள் நினைத்த மணத்தோடு எங்களிடம் வந்து சேர வேண்டும் என்பதுதான் என் விருப்பமும். ஆகவே தயவுகூர்ந்து கேட்டுக்கொள்கிறேன். நாள், மாதம், ஆண்டு என்ற மூன்றையும், குறியீடாக இல்லாமல் வழக்கமான எண்களில், அழியாத மையில், கண்ணாடி போட்டவரும் படிக்கும் அளவில், அடுத்த முறை அடைக்கும் தொகுதியிலிருந்தே அச்சிடத் தொடங்குங்கள். 0983 என்ற எண்ணுக்கான பொருளை அந்த ஆலையினர் தெரிவித்தால் அதற்கும் நன்றியுடையவனாவேன்; நண்பருக்கு அதைச் சொல்ல வேண்டிய கடமை எனக்கு இருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் பியரை இன்னும் விரும்பி அருந்தும் ஒருவன்