குல்மார்க் விடுதிகளும் கேஸ் ஹீட்டரும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வெளியான, காஷ்மீரின் பனிச்சறுக்கு ஊரான குல்மார்க் பற்றிய பயணக் கட்டுரையைப் படித்தேன். கேபிள் காரின் இரண்டு கட்டங்கள், முன்பதிவு, அடிவார ஊரான தங்மார்க்கிலிருந்து சக்கரத்தில் சங்கிலி கட்டிய வண்டியில் ஏற வேண்டிய கடைசி 13 கிலோமீட்டர் என எல்லாவற்றையும் பொறுப்புடன் சொன்ன கட்டுரை, தங்குமிடம் என்று வந்தபோது மட்டும் எந்தச் சன்னலிலிருந்து எந்த மலை தெரியும் என்பதோடு நின்றுவிட்டது. ஸ்னோபோர்டு பழகுவதற்காக அங்கே போகிறவர்கள் அறையை உறுதி செய்வதற்கு முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி, அந்த அறை எதைக் கொண்டு சூடாக்கப்படுகிறது என்பதே. பிப்ரவரி மாதம் என் மகளுடன் ஆறு இரவுகள் அங்கே தங்கியவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

ஸ்கீ விளையாட்டில் இரு கால்களுக்கும் தனித்தனிப் பலகைகள், கைகளில் இரண்டு கோல்கள். களைத்துப்போனால் நின்று இளைப்பாறலாம். ஸ்னோபோர்டிலோ இரண்டு பாதங்களும் ஒரே பலகையில் குறுக்குவாட்டில் பூட்டப்பட்டிருப்பதால், புதிதாகப் பழகுபவர் விழுவதும் எழுவதும் பனியிலேயே உட்கார்ந்து மூச்சு வாங்குவதுமாகத்தான் பகல் பொழுதைக் கழிக்கிறார். முதல் இரண்டு நாட்களில் தான் சறுக்கியதைவிட அமர்ந்திருந்த நேரமே அதிகம் என்று என் மகளே ஒப்புக்கொள்கிறாள். மாலையில் அறைக்குத் திரும்பும்போது கையுறை, காலுறை, கால்சட்டை, பூட்ஸின் உட்பகுதி எல்லாம் நனைந்து கனத்திருக்கும். மறுநாள் காலைக்குள் அவை உலர்ந்தாக வேண்டும். ஈர பூட்ஸோடு உறைபனியில் இறங்கினால் விரல் மரத்துப்போவதில் தொடங்கி, தோலும் சதையும் உறைந்து புண்ணாவது வரை போகும். ஜப்பானின் நிசேகோவிலும் ஆல்ப்ஸ் மலை ஊர்களிலும் பனிச்சறுக்கு விடுதி என்றால் இதற்கென்றே சூடான உலர்த்தும் அறை ஒன்று இருப்பது வழக்கம். நாங்கள் தங்கிய விடுதியில் அப்படி எதுவும் இல்லை. ஆகவே எல்லோரும் செய்வதையே நாங்களும் செய்தோம்: துணிகளை நாற்காலிகளின் மேல் பரப்பி, கேஸ் ஹீட்டரை அவற்றின் பக்கம் திருப்பி வைத்து, சன்னல்களை இறுக அடைத்துவிட்டுப் படுத்தோம்.

சில்லை கலான் என்று காஷ்மீர் மக்கள் அழைக்கும் நாற்பது நாள் கடுங்குளிர் அப்போது முடிந்துவிட்டிருந்தது. அதற்கடுத்த இருபது நாட்களான சில்லை குர்த் நடந்துகொண்டிருந்தது. கடுமை தணிந்த பருவம் என்று அங்குள்ளவர்கள் ஆறுதல் சொன்னார்கள். திருச்சிக்காரனான எனக்கு அந்த வேறுபாடு புலப்படவில்லை. கட்டிலில் மின்போர்வை இருந்தது. ஆனால் மின்சாரம் போய் ஜெனரேட்டர் ஓடும் நேரங்களில் அது வேலை செய்யாது. பழைய மரக்கட்டடங்களில் உள்ள புகாரி என்னும் விறகடுப்புக்குக் கூரை வழியாக வெளியேறும் புகைக்குழாய் உண்டு. குழாய் அடைபடாமலும் இணைப்புகள் பிரியாமலும் இருக்கும்வரை அதனால் பெரிய தீங்கில்லை. சிலிண்டரோடு உருட்டி வரும் கேஸ் ஹீட்டருக்குக் குழாய் ஏதும் கிடையாது. அது எரிவதற்கு அறையின் பிராணவாயுவை எடுத்துக்கொண்டு, எரிந்து கழிந்ததை அதே அறைக்குள் விடுகிறது. பிராணவாயு குறையக் குறைய எரிதல் அரைகுறையாகி, நிறமோ மணமோ இல்லாத கார்பன் மோனாக்சைடு உண்டாகிறது. இரத்தத்தின் ஹீமோகுளோபினோடு பிராணவாயுவைவிட இருநூறு மடங்குக்கும் மேலான வலுவுடன் பற்றிக்கொள்ளும் வாயு அது.

மூன்றாம் நாள் காலை எங்கள் இருவருக்கும் தலைவலி, குமட்டல், எழ முடியாத அசதி. குல்மார்க் 2,650 மீட்டர் உயரத்தில் இருப்பதாலும், முந்தின நாள் கேபிள் காரின் இரண்டாம் கட்டத்தில் ஏறி ஏறத்தாழ 3,950 மீட்டர் வரை போய் வந்திருந்ததாலும், உயரம் ஒத்துக்கொள்ளவில்லை என்று நாங்களே முடிவு செய்து, மாத்திரை போட்டுக்கொண்டு அதே அறையில் படுத்தோம். வெளியே காற்றாட நடந்து வந்த பிறகு தெளிந்த தலை, அறைக்குள் வந்த ஒரு மணி நேரத்தில் மீண்டும் கனத்தபோதுதான் என் மகளுக்குச் சந்தேகம் வந்தது. விடுதிப் பணியாளரை அழைத்துப் பார்க்கச் சொன்னோம். குளியலறைக் காற்றுத்துளையில் பழைய துண்டு ஒன்று திணிக்கப்பட்டிருந்தது. முன்பு தங்கியவர்கள் குளிருக்கு அஞ்சி அடைத்திருப்பார்கள் என்றார் அவர். அதை உருவியெடுத்து, இரவில் ஹீட்டரை அணைத்துவிட்ட பிறகு தொந்தரவு திரும்பவில்லை. வாயுதான் காரணம் என்று அளந்து சொல்ல எங்களிடம் கருவி இல்லை. மலை நோய்க்கும் இந்த வாயு ஏறுவதற்கும் தொடக்க அறிகுறிகள் ஏறக்குறைய ஒன்றாக இருப்பதால், மலையேறி வந்த விருந்தினர் தம்மைத்தாமே ஏமாற்றிக்கொள்வது மிக எளிது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

2020 ஜனவரியில் நேபாளத்தின் தாமன் என்ற மலையூர் விடுதியில், கேரளத்திலிருந்து சுற்றுலா போன எட்டுப் பேர், அவர்களில் நான்கு பேர் குழந்தைகள், கேஸ் ஹீட்டர் எரிந்த அடைத்த அறையில் உறங்கியபடியே இறந்து போனார்கள். அவர்களும் நம்மைப் போல வெப்ப நாட்டில் பிறந்து, மூடிய அறையில் நெருப்பு வைத்து உறங்கிப் பழக்கமில்லாதவர்கள். காஷ்மீரத்தில் பெரன் என்னும் தளர்ந்த நீள அங்கிக்குள் காங்கிரி என்னும் தணல் சட்டியை வைத்துக்கொண்டு வளர்ந்தவர்களுக்குக் கரிநெருப்பின் குணம் ஓரளவு கைவந்த பாடம். நமக்கு அந்த அறிவு இல்லை. விடுதியார் சொல்லித் தருவதும் இல்லை.

விடுதிகளுக்குப் பதிவுச் சான்று வழங்கும் ஜம்மு காஷ்மீர் சுற்றுலாத் துறை, புகைக்குழாய் இல்லாத ஹீட்டர் வைக்கப்படும் ஒவ்வோர் அறையிலும் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி இருக்க வேண்டும் என்று விதித்தால் என்ன? ஓர் அறைக்கு ஓரிரவு வாங்கும் வாடகையோடு ஒப்பிட்டால் அதன் விலை பெரிதன்று. பொதுவான உலர்த்தும் அறை ஒன்று அமைந்துவிட்டால், படுக்கையறையில் விடிய விடிய ஹீட்டர் எரிப்பதற்கான தேவையே பாதியாகக் குறையும். அதுவரை, பயணக் கட்டுரைகளில் விடுதியின் பெயர், வாடகை ஆகியவற்றுடன் அங்கு அறைகளைச் சூடாக்கும் முறையையும் ஒரு வரியில் சேர்த்து வெளியிடுமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

என் மகள் வரும் குளிர்காலத்தில் மறுபடியும் போவதாக இருக்கிறாள். விழும்போது மணிக்கட்டைக் காக்கும் உறைகளோடு, பேட்டரியில் இயங்கும் எச்சரிக்கைக் கருவி ஒன்றையும் வாங்கி இப்போதே பெட்டியில் வைத்துவிட்டாள்.

இங்ஙனம்,
நெடுநாள் வாசகர் ஒருவர்,
திருச்சிராப்பள்ளி.