கோர்வைக்கு ஆளில்லாத ஊரிலிருந்து

கேலஷீல்ஸ், ஸ்காட்லாந்து
31.5.2020

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

வணக்கம். நான் நலமாக இருக்கிறேன். அப்பா கைப்பட எழுதி, தம்பி படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிய கடிதம் வந்து பதினெட்டு நாள் ஆகிறது. அதுதான் தினமும் குரல் கேட்கிறோமே என்று பதில் எழுதாமல் இருந்தது என் தவறு. தொலைபேசியில் "சாப்பிட்டாயா" என்பதற்கு மேல் நாம் எதையும் பேசுவதில்லை. இதையும் படம் எடுத்தே அனுப்புகிறேன். ஆயாவுக்குத் தம்பி நிதானமாகப் படித்துக் காட்டட்டும்.

படிப்பு என்ன ஆயிற்று என்று அப்பா கேட்டிருந்தீர்கள். மார்ச் 23 அன்று இரவு இங்கே ஊரடங்கை அறிவித்தார்கள். அதற்குச் சில நாள் முன்பே தறிக்கூடத்தைப் பூட்டியாயிற்று. எட்டு நாள் உட்கார்ந்து நீளவாட்டில் நான் ஏற்றிய பாவு நூல் இன்னும் அந்தத் தறியிலேயே நிற்கிறது. அதை அறுத்து எடுத்துவர எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும் இறுதித் திட்டத்தை ஆகஸ்டுக்குள் முடித்தாக வேண்டும் என்பதால், அவரவர் அறையில் கிடைத்ததைக் கொண்டு வேலை செய்கிறோம். ஒரு பெண் அட்டைப்பெட்டியின் விளிம்பில் பள்ளம் வெட்டி அதில் நெய்கிறாள். இன்னொருத்தி வெங்காயத் தோலைக் காய்ச்சிச் சாயம் எடுக்கிறாள். நான் ஒரு பழைய படச் சட்டத்தில் கால் அங்குலத்துக்கு ஓர் ஆணி அடித்துத் தறியாக்கிக்கொண்டேன். குறுக்கே ஓடும் ஊடை நூலைத் தட்டுவதற்கு அச்சுப்பலகைக்குப் பதில் சமையலறை முள்கரண்டிதான். நாள் முழுவதும் நெய்தால் நாலு விரற்கடை ஏறும்.

வாரம் ஒருமுறை ஆசிரியை ஜூமில் வந்து பார்க்கிறார். அப்பா சாயம் போட்டுக் கொடுத்தனுப்பிய அரக்குப் பட்டு திரையில் காய்ந்த மண் நிறமாகத்தான் தெரிகிறது. ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து, பக்கத்தில் வெள்ளைத் தாள் வைத்து, எத்தனை முறை படம் எடுத்தாலும் அந்தச் சிவப்பு வருவதில்லை. துணியைத் தொட்டுப் பார்க்காமல் மதிப்பெண் போடுவது அவருக்கும் வேதனையாகத்தான் இருக்கிறது. துணி கையில் எப்படி விழுகிறது, கசக்கினால் எப்படி நிமிர்கிறது என்பதையெல்லாம் வார்த்தையில் எழுதிக் கொடுக்கச் சொல்லியிருக்கிறார். நெசவாளர் சங்கத்தில் சேலையை வாங்குகிறவர் கண்ணை மூடிக்கொண்டு இரண்டு விரலால் தேய்த்துப் பார்ப்பாரே, அதை எப்படி எழுதுவது?

கீழ்வீட்டுப் பாட்டியைப் பற்றி அம்மா கேட்டீர்கள். கம்பளி ஆலைகளால் வளர்ந்த ஊர் இது. இப்போது ஆலைகள் பெரும்பாலும் போய்விட்டன. பாட்டி வாழ்நாள் முழுவதும் ஆலையில், நெய்து வந்த துணியில் விட்டுப்போன இழைகளைத் தேடி ஊசியால் கோர்த்துச் சரிசெய்யும் வேலை பார்த்தவர். நான் நெசவாளி மகள் என்று தெரிந்த நாளிலிருந்து கம்பளி நூல் உருளைகளை ஒவ்வொன்றாக மாடிப்படியில் வைத்துவிட்டு, கதவைத் தட்டிவிட்டு, இறங்கிப் போய்விடுகிறார். போன வாரம் என் மாதிரித் துணியை அவர் ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிப் பிடித்தேன். உள்ளேயிருந்து பூதக்கண்ணாடி வைத்து வெகுநேரம் பார்த்தவர், விரலால் ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டினார். ஓர் இழை விட்டுப்போயிருந்தது. அப்பாவின் கண் அது! மருத்துவப் பணியாளர்களுக்காக வியாழக்கிழமைதோறும் இரவு எட்டு மணிக்கு ஊரே வாசலில் நின்று கைதட்டியது. மே மாதத்தில் அப்போதும் இங்கே நல்ல வெயில். 28 ஆம் தேதியோடு அது முடிந்தது. பாட்டி பத்து வாரமும் ஒரே வாணலியைத் தட்டினார். அவர் தட்டும் சத்தம் கேட்டால்தான் எனக்கு வியாழன் என்றே தெரியும்.

சாப்பாட்டுக்குக் குறையில்லை. முன்பு ரயிலில் ஒரு மணி நேரத்தில் எடின்பரோ போய்க் கறிவேப்பிலை வாங்கிவருவேன். இப்போது இல்லாமலே தாளிக்கிறேன். மிளகும் சீரகமும் சுக்கும் தட்டிப் போட்டு டம்ளரில் நம் காஞ்சிபுரம் கோயில் இட்லி வார்த்தேன். மந்தாரை இலை இல்லாததால் மணம் மட்டும் வரவில்லை. ஒருமுறை சமைத்தால் இரண்டு நாளைக்கு வருகிறது. மே மாதத்திலும் விடியலில் புல் மீது உறைபனி விழுகிறது என்றாலும், பகலில் ஹீட்டர் தேவைப்படுவதில்லை, போர்வையே போதும். நான் வேலை பார்த்த உணவகம் மூடியிருப்பதால் நெசவுக்கு நிறைய நேரம் கிடைக்கிறது. வாடகையைப் பற்றி வீட்டுக்காரரிடம் பேசியிருக்கிறேன். அதற்காக நீங்கள் எதுவும் அனுப்ப வேண்டாம்.

என் திட்டம் பட்டுக் கரையையும் கம்பளி உடலையும், தனித்தனி ஊடையாக நெய்து சேரும் இடத்தில் இழை கோர்க்கும் நம் கோர்வையில் சேர்ப்பது. கம்பளி இழுத்தால் நீளும், பட்டு அவ்வளவு நீளாது. அதனால் சேரும் இடத்தில் துணி சுருங்கிக்கொண்டே வந்தது. கம்பளிப் பாவு நூலை ஓர் இரவு முழுக்க இழுத்துக் கட்டிவைத்து, அதன் நீட்சி அடங்கிய பிறகு ஊடை போட்டேன். இப்போது நேராக வருகிறது. ஆனால் கோர்வை ஒருத்தி மட்டும் செய்யும் வேலையில்லை அப்பா. நீங்கள் உடலுக்கு ஊடை நூல் ஓட்டும் நாடாவை விட்டதும் மறுபக்கம் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ளியது ஏழு வயதிலிருந்து நான்தானே. இங்கே இடது கையால் கம்பளியைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, வலது கையால் பட்டு நூலை வாங்கிக் கொள்கிறேன். முந்தாநாள் ராத்திரி, என்னையறியாமல், "விடு" என்ற உங்கள் குரலுக்காகக் கையை நிறுத்திக் காத்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு நேரம் அப்படி இருந்தேன் என்று தெரியவில்லை. அத்தி வரதர் குளத்துக்குள் போன மறு மாதம் புறப்பட்டவள், இப்படி விமானமே பறக்காத ஒரு காலம் வரும் என்று நினைக்கவே இல்லை. பிள்ளையார்பாளையத்தில் விடியற்காலையில் தெருவில் நீட்டிய பாவுக்கு அடியில் குனிந்து போய்ப் பால் வாங்கிவர வேண்டும் போலிருக்கிறது.

இரண்டாவது தறியை விற்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். விற்க வேண்டாம். முகூர்த்தங்கள் தள்ளிப்போய்ச் சேலைகள் தேங்கிக் கிடப்பதும், ரேஷனில் கொடுத்த ஆயிரம் ரூபாய் எப்போதோ தீர்ந்திருக்கும் என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் இப்போது கேட்கிறவர் மரத்தின் விலைக்குத்தான் கேட்பார். அம்மாவின் சங்கிலிக்கு வட்டி மட்டும் கட்டி மறுபடி வைத்துவிடுங்கள். மீட்பது என் பொறுப்பு. தம்பிக்கு ஜூன் 15 பத்தாம் வகுப்புத் தேர்வு என்று அறிவித்திருக்கிறார்களாம். அதுவரை அவனைக் கோர்வைக்கு உட்கார வைக்காதீர்கள், அம்மா உட்காரட்டும். ஆயாவின் இரத்த அழுத்த மாத்திரையை ஒரு மாதத்துக்குச் சேர்த்து வாங்கிவையுங்கள். மழைக்கு முன் பின்கட்டுக் கூரை ஓடுகளை மாற்றச் சித்தப்பாவிடம் சொல்லுங்கள். போன ஐப்பசியில் அந்தத் தறிக்குழியில்தான் தண்ணீர் ஊறியது. சும்மா இருந்தாலும் தறியின் மேல் ஒரு துணியைப் போர்த்திவையுங்கள்.

உங்கள் அன்பு மகள்