பட்டியலை இந்த முறை உன் கையால் எழுது

தம்பிக்கு,

நீ மறுபடியும் மேஜிக் கார்டு விளையாட்டில் மாடர்ன் வகைப் போட்டிக்குப் பேர் கொடுத்திருக்கிறாய் என்று அம்மா சொன்னார். போனில் பேசினால் "சரிக்கா, விடுக்கா" என்று இரண்டே வார்த்தையில் முடித்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன். இதை நம்மோடு விளையாடுகிறவர்கள் கண்ணில் படும் இடத்தில்தான் எழுத வேண்டும் என்று முடிவு செய்ய எனக்கு மூன்று வருடம் ஆகியிருக்கிறது.

அதே பர்ன் டெக்கைத்தான், எதிராளியின் உயிரை நேராகச் சுட்டுத் தீர்க்கிற அந்த அறுபது கார்டு அடுக்கைத்தான் எடுக்கிறாய் என்று கேள்விப்பட்டேன். பத்துப் பெயர், ஒவ்வொன்றிலும் நான்கு, அவற்றைப் போடத் தேவையான மானா என்ற சக்தியைத் தரும் லேண்ட் இருபது. எதிராளிக்கு 20 உயிர், நம் கார்டு ஒன்றுக்குப் பெரும்பாலும் 3 சேதம், ஆக ஏழு கார்டு. எதிராளி தன் லேண்டுகளுக்கே இரண்டு மூன்று உயிர் கொடுத்துவிட்டால் ஆறு போதும். முதலில் ஆடுகிறவன் நான்காம் டர்னில் பத்துக் கார்டு பார்த்திருப்பான்; மூன்று லேண்ட் போனால் ஏழு மிச்சம். இந்தக் கணக்கு அப்படியேதான் இருக்கிறது. மாறியது எதிர்ப்பக்கம். நீ விட்ட பிறகு, 2024 ஜூனில், மாடர்ன் ஹொரைசன்ஸ் 3 என்ற புதுக் கார்டுத் தொகுப்பு வந்தது. அதில் வந்த பிளேஜ் என்ற கார்டு களத்தில் இறங்கும்போதே 3 சேதம் கொடுத்து, 3 உயிரும் ஏற்றிக்கொள்ளும். கைட் ஆஃப் சோல்ஸ் என்ற கார்டு, தன் பக்கம் வேறு கிரீச்சர் (சண்டை போடும் உயிரினக் கார்டு) இறங்க இறங்க ஒவ்வொரு உயிராக ஏற்றும். ஏழு கார்டுக் கணக்கு ஒன்பது கார்டாகிவிட்டால் பர்ன் மூச்சுவிடாது.

ஆகவே உயிர் ஏறுவதைத் தடுக்கிற உன் ஸ்கல்கிராக் கார்டை அவசரப்பட்டுச் செலவழிக்காதே. பிளேஜ் இறங்கிய விளைவு இன்னும் நடக்காமல் ஸ்டாக்கில், அதாவது காத்திருக்கும் வரிசையில், நிற்கும்போது அதற்குப் பதிலடியாகப் போடு. எதிராளிக்கு 3 சேதமும் போகும், அந்த டர்னில் யாருக்கும் உயிரும் ஏறாது. ராய்லிங் வோர்டெக்ஸ் மேசையில் இருந்தால் அதே நேரத்தில் ஒரு சிவப்பு மானா செலவழித்தாலே அவருக்கு உயிர் ஏறாது. அதற்காக ஒரு லேண்டைப் பயன்படுத்தாமல் வைத்திரு. கல்லறையிலிருந்து, அதாவது கழிந்த கார்டுக் குவியலிலிருந்து, பிளேஜ் எஸ்கேப் ஆகி மறுபடி இறங்க அங்கே வேறு ஐந்து கார்டு வேண்டும். கல்லறையையே காலி செய்கிற ரெஸ்ட் இன் பீஸ் இறங்கிவிட்டால் அந்தப் பேச்சே இல்லை.

ஆனால் ரெஸ்ட் இன் பீஸை இரண்டு வைத்துவிட்டு நிம்மதியாக இருக்காதே. அறுபதில் இரண்டு இருந்தால் முதல் பத்துக் கார்டுக்குள் ஒன்றாவது வரும் வாய்ப்பு 31 சதவீதம். மூன்று இருந்தால் 43. நான்கு இருந்தால் 53. நீ உண்மையாகவே பயப்படுகிற எதிரி டெக்குக்கு மூன்றாவது வை. பயப்படத் தேவையில்லாத எதிரிக்கு ஒன்றுகூட வேண்டாம். பதினைந்து வியாதிக்குப் பதினைந்து மாத்திரை என்று சைட்போர்டை, ஆட்டங்களுக்கு இடையில் மாற்றிக்கொள்கிற பதினைந்து கார்டை, கட்டுவது உன் பழைய பழக்கம். அதை நான் அப்போதும் சொன்னேன், நீ கேட்கவில்லை.

பயிற்சியில் முதல் ஆட்டத்தையே திரும்பத் திரும்ப ஆடாதே. மூன்றில் இரண்டு ஜெயிக்க வேண்டிய மேட்ச்சில் பாதிக்கும் மேற்பட்ட ஆட்டங்கள் சைட்போர்ட் மாற்றிய பிறகு நடப்பவை. பத்து ஆட்டம் ஆடினால் ஆறு மாற்றிய பிறகு இருக்கட்டும். எதிர்பார்க்கிற ஒவ்வொரு டெக்குக்கும் ஒரு வரி: என்ன உள்ளே, என்ன வெளியே, இரண்டு பக்கமும் எண்ணிக்கை சமம். அந்தத் தாளை ஆட்டங்களுக்கு இடையில் பார்க்கலாம், ஆட்டம் நடக்கும்போது பார்க்கக்கூடாது. தொடக்கத்தில் ஏழு கார்டுக் கை எடுத்துப் பார்த்து, வைப்பதா திருப்புவதா என்று மட்டும் ஐம்பது தடவை தனியாகப் பழகு. 2019 முதல் மல்லிகன், அதாவது கையைத் திருப்பிவிட்டுப் புதுக் கை, எத்தனை தடவை எடுத்தாலும் ஏழு கார்டு பார்த்துவிட்டு, எடுத்த தடவைக்கு ஒன்றாக அடியில் வைக்கிறோம். பர்னுக்கு இது பெரிய வரம் இல்லை. நமக்கு வேண்டியது கார்டின் எண்ணிக்கை. ஆறாக இறங்கினால் 3 சேதம் போய்விட்டது என்று வைத்துக்கொள். ஒரு லேண்டும் மூன்று ஒரு-மானாக் கார்டும் இருக்கிற கையை, இரண்டாவதாக ஆடும்போது மட்டும் யோசி.

கார்டுக்குப் போடும் பிளாஸ்டிக் உறை, ஸ்லீவ் விஷயம். மேஜிக் கார்டு 63க்கு 88 மில்லிமீட்டர். 66க்கு 91 என்று போட்டிருக்கிற பாக்கெட்டை வாங்கு. ஜப்பானிய அளவு யு-கி-ஓ கார்டுக்கானது, நம் கார்டு அதில் நுழையாது. நூறு உள்ள ஒரே பாக்கெட்டிலிருந்து 75 எடு. மிச்சத்தைப் பையில் வை, நாள் நடுவில் இரண்டு மூன்று நிச்சயம் கிழியும். வேறு பாக்கெட்டிலிருந்து சேர்த்தால் நிறம் ஒரு இழை மாறும். லேண்டையெல்லாம் ஒரு கையாகவும் ஸ்பெல்லையெல்லாம் ஒரு கையாகவும் போடாதே; கலக்கிவிட்டுப் போடு, இல்லாவிட்டால் தேய்மானம் வரிசையாக விழும். ஃபாயில் கார்டு ஒன்றுகூட வேண்டாம். சிங்கப்பூர் ஈரக்காற்றில் காகிதம் உப்பும், மேலே உள்ள உலோகப் படலம் உப்பாது, கார்டு வளையும். வளைந்த நான்கு கார்டும் ஒரே பெயராக இருந்துவிட்டால், அடுக்கைப் பக்கவாட்டில் பார்த்தே அவை எங்கே என்று சொல்லிவிடலாம். ஜட்ஜுக்கு அது அடையாளமிட்ட கார்டு. சாதாரணமாக எச்சரிக்கை, அடையாளத்தில் ஒரு ஒழுங்கு தெரிந்தால் ஒரு ஆட்டம் போகும். உன் ஃபாயில் லைட்னிங் போல்ட் நான்கும் என்னிடம்தான் இருக்கின்றன. அவற்றுக்குப் பதில் சாதாரண நான்கை வைத்திருக்கிறேன்.

ஜட்ஜிடம் கொடுக்கிற டெக் பட்டியலுக்கு வருகிறேன்.

சியரிங் பிளேஸ், சியரிங் பிளட். இரண்டும் யாருடைய டர்னிலும் போடக்கூடிய இன்ஸ்டன்ட், இரண்டுக்கும் இரண்டு சிவப்பு மானா, இரண்டும் பர்ன்காரர்கள் வைப்பவை. 2010இல் வந்த பிளேஸுக்கு அந்த டர்னில் நம் பக்கம் லேண்ட் இறங்கியிருக்க வேண்டும். அப்போது எதிராளிக்கு 3, அவருடைய கிரீச்சருக்கு 3. 2014இல் வந்த பிளட் கிரீச்சருக்கு 2 கொடுக்கும், அது செத்தால்தான் எதிராளிக்கு 3. நம் டெக்கில் பிளேஸ் நான்கு, சைட்போர்டில் பிளட் இரண்டு.

மூன்று வருடத்துக்கு முன் நீ ஆடிய போட்டிக்குப் பட்டியலை எழுதியது நான். டெக்கில் "பிளட் 4" என்று எழுதினேன். சைட்போர்டிலும் "பிளட் 2" என்று எழுதினேன். ஒரே பெயரில் ஆறு. டெக்கும் சைட்போர்டும் சேர்த்து ஒரு பெயரில் நான்குக்கு மேல் கூடாது. எழுதி முடித்துவிட்டு எண்ணினேன், தம்பி. இரண்டு தடவை எண்ணினேன். அறுபது சரியாக வந்தது, பதினைந்து சரியாக வந்தது. எண்ணிக்கை சரியாக இருந்ததால்தான் பெயரை வாசிக்கவில்லை.

முதல் ரவுண்டு நடக்கும்போது ஜட்ஜுகள் பட்டியல்களைச் சரிபார்ப்பார்கள். தவறு இருந்தால் இரண்டாம் ரவுண்டு தொடங்கும்போது மேசைக்கு வருவார்கள். ஒரு ஜட்ஜ் உன் மேசைக்கு வந்தார். நான் ஐந்து மேசை தள்ளி உட்கார்ந்திருந்தேன். தாளை உன் முன்னால் வைத்து விரலால் காட்டினார். நீ குனிந்து பார்த்தாய். என் கையெழுத்து உனக்குத் தெரியாதா? நான் 4 எழுதுகிற விதம் நம் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். நீ நிமிர்ந்து, "என் தப்புதான்" என்றாய். பட்டியலை டெக்குக்கு ஏற்றபடி திருத்தி, ஒரு ஆட்டத்தை எதிராளிக்குக் கொடுத்துவிட்டு அவர் போனார். மேட்ச் தொடங்குமுன் ஆட்டம் பறிபோனால் முதலில் ஆடுகிற ஆட்டத்தில் இருவருக்கும் சைட்போர்ட் கிடையாது. அதையும் உனக்குச் சொன்னார். நீ தலையாட்டினாய். என் பக்கம் திரும்பவே இல்லை.

விதிப்படி பட்டியலுக்கு ஆடுகிறவன்தான் பொறுப்பு, யார் எழுதினாலும். அன்று நான் எழுந்து சொல்லியிருந்தாலும் தண்டனை மாறியிருக்காது. இதை மூன்று வருடமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மேட்ச் நடக்கும்போது இன்னொரு மேசைக்கு வாய் கொடுக்கக்கூடாது என்பதும் உண்மை. ஆனால் ரவுண்டு முடிந்த பிறகு எந்த விதி என்னைத் தடுத்தது? மதியம் சாப்பிடும்போது ஒருவர் உன் கவனத்தைப் பற்றிச் சொன்னதை இங்கே எழுத மாட்டேன். அவரும் இதைப் படிக்கக்கூடும். அதைக் கேட்டுக்கொண்டே நான் சாப்பிட்டேன். அதை மட்டும் எழுதுகிறேன். என்னை மன்னித்துவிடு.

ஆனால் இன்னொன்றையும் சொல்லத்தான் வேண்டும். நாம் டெக்கை முடித்தது இரவு எட்டு மணிக்கு. பதினொன்றரைக்கு நீ வந்து, பிளட்டை உள்ளே வைத்து பிளேஸை வெளியே எடுக்கலாமா என்று ஆரம்பித்தாய். பன்னிரண்டுக்கு வேண்டாம் என்றாய். பன்னிரண்டேகாலுக்குப் பேனாவை என்னிடம் கொடுத்துவிட்டுத் தூங்கப் போனாய். அந்த இரண்டு பெயரும் அன்று இரவு இடம் மாறி மாறி வந்தன. ஆறாகப் போனது அதனால்தான். மூன்றாம் ஆட்டத்தில் நீ தோற்றதும் என் கணக்கில் வராது. எதிரில் கன்ட்ரோல் டெக், கிரீச்சர் அதிகம் இல்லாமல் தடுத்தே ஆடுகிற வகை. இரண்டாம் ஆட்டம் முழுக்க ஒரு கிரீச்சரும் இறங்கவில்லை. பிளேஸுக்கு கிரீச்சர் இல்லாவிட்டால் இலக்கே இல்லை, போட முடியாது. கிரீச்சர் இல்லாத டெக்கோடு நான்கையும் வெளியே எடு என்று தாளில் எழுதித் தந்திருந்தேன். நீ இரண்டை உள்ளே விட்டாய். கடைசியில் எதிராளி 3 உயிரில் நின்றபோது உன் கையில் இருந்தது சியரிங் பிளேஸ். அதை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டுக் கை கொடுத்தாய்.

ஏழு ரவுண்டில் ஐந்து வெற்றி. 15 புள்ளியில் நின்றவர்களில் உன் எதிராளிகளின் வெற்றி விகிதம் கொஞ்சம் குறைவு, ஒன்பதாம் இடம். உன்னை யாரும் திட்டவில்லை என்பாய். நான் உன்னை நினைத்துத்தான் மூன்று வருடம் ஒரு போட்டிக்கும் போகவில்லை. அதை நீ ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

சரி. இப்போது பட்டியலை இணையத்தில் ஏற்றச் சொல்வார்கள். "சியரிங்" என்று தட்டினாலே இரண்டு பெயரும் அடுத்தடுத்து வந்து நிற்கும். விரல் ஒரு வரி தப்பினால் போதும். அதனால் முதலில் காகிதத்தில் எழுது, முழுப் பெயராக. பிறகு டெக்கைப் பெயர்வாரியாக மேசையில் பரப்பு. ஒருவர் கார்டைத் தொட்டுப் பெயரை வாய்விட்டுச் சொல்ல வேண்டும், இன்னொருவர் ஏற்றிய பட்டியலில் அதே பெயரை அடிக்க வேண்டும். எண்ணிக்கை அதற்குப் பிறகு. தனியாகச் செய்தால் அடுத்த நாள் காலையில் செய். எழுதிய கையோடு வாசித்தால் எழுத நினைத்ததைத்தான் கண் வாசிக்கும்.

போட்டி நாளில் பெரிதாக ஒன்றும் இல்லை. உயிர்க் கணக்கைத் தாளில் எழுது, இருவருடையதையும், எந்தக் கார்டால் குறைந்தது என்பதோடு. கணக்கை டைஸில் வைத்து அது உருண்டுவிட்டால் ஜட்ஜ் வந்து பார்க்க ஒன்றும் இருக்காது. குவியல் குவியலாகப் பிரிப்பது எண்ணுவதற்குத்தான், ஆட்டத் தொடக்கத்தில் ஒரே தடவை; கலக்குவது வேறு, ஏழெட்டுத் தடவை நன்றாக இடைசெருகு. ஒவ்வொரு மேட்ச் முடிந்ததும் நாற்காலியை விட்டு எழுமுன் சைட்போர்டை எண்ணு. பதினைந்தும் அதே பதினைந்தா என்று பெயரையும் பார். சைட்போர்ட் கார்டை டெக்கிலேயே மறந்துவிட்டு அடுத்த ரவுண்டுக்குப் போவதுதான் களைத்தவன் செய்கிற தவறு. ரவுண்டுக்கு 50 நிமிடம், அதற்கு மேல் ஐந்து டர்ன். பர்னுக்கு அது பிரச்சினையே இல்லை. மிச்ச நேரத்தில் தண்ணீர் குடி, சாப்பிடு. கடைசி ரவுண்டில் யாராவது விட்டுக்கொடுக்கிறேன், பரிசில் பங்கு தா என்று பேச்செடுத்தால் பதிலே சொல்லாமல் ஜட்ஜைக் கூப்பிடு. அதில் ஒரு வார்த்தைக்குத் தெரிந்தே ஒத்துக்கொண்டால் போட்டியிலிருந்தே வெளியேற்றக்கூடும்.

பிளேஸைத் தூக்கிவிடாதே. அது நல்ல கார்டு. லேண்டைக் கையில் பிடித்து வைத்திரு, இல்லை ஃபெட்ச் லேண்டை, உடைத்தால் டெக்கிலிருந்து வேறு லேண்டைக் கொண்டுவருகிற அதை, உடைக்காமல் எதிராளியின் டர்ன்வரை வைத்திரு. அவர் டர்னில் உடைத்தாலும் லேண்ட் இறங்கியதாகத்தான் கணக்கு. எதிரில் கிரீச்சர் இல்லை என்று தெரிந்ததும் நான்கையும் எடு. நான்கையும்.

பெட்டியை அம்மாவிடம் கொடுத்து வைத்திருக்கிறேன். புது ஸ்லீவ் ஒரு பாக்கெட், இரண்டு பேனா, ஒரு சின்ன நோட்டு, நான்கு சாதாரண லைட்னிங் போல்ட். பிளட் இரண்டையும் தனி உறையில் போட்டு மேலே பெயர் எழுதியிருக்கிறேன். பட்டியலை நீயே எழுது, எனக்கு அனுப்ப வேண்டியதில்லை. அனுப்பினால் வாசிக்கிறேன்.

அக்கா