மாவு உப்பும் வரை மாடியில்

கோயம்புத்தூர்,
புரட்டாசி, ஞாயிறு இரவு.

அன்புள்ள கோமதிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. புது வீட்டுக்குக் குடிபோய்விட்டீர்கள் என்பதும், அண்ணனுக்கு மூட்டுவலி தணிந்து காலையில் நடக்கப் போகிறார் என்பதும் மனத்துக்கு நிறைவாக இருந்தன. வாரம் முழுவதும் அலுவலகத்துக்கு ஓடுகிற எனக்கு, ஞாயிற்றுக்கிழமை பன் சுடவும் செடிகளைக் கவனிக்கவும் எப்படி நேரம் கிடைக்கிறது என்று கேட்டிருந்தாய். இரண்டையும் ஒரே நாளில் வைத்துக்கொள்வதால்தான் நேரம் கிடைக்கிறது. பிசைந்த மாவு உப்பி வரும் வரை அடுக்களையில் நமக்கு வேலை எதுவும் இல்லை. அந்த இடைவெளி மாடித்தோட்டத்துக்குப் போதும்.

இன்று காரபன் செய்தேன். மைதா பாதி, மில்லில் அரைத்த கோதுமை மாவு பாதி என்று 300 கிராம் எடுத்து, வெதுவெதுப்பான பாலை ஊற்றிக் கலந்து, அரை மணி நேரம் அப்படியே மூடி வைத்துவிடுவேன். கோதுமையின் தவிடு மாவின் இழுவையை அறுத்துவிடும் என்பதால், அது முதலில் நன்றாக ஊறிவிட்டால்தான் பன் மென்மையாக வரும். பிறகு ஈஸ்ட் 5 கிராம், கொஞ்சம் சர்க்கரை, உப்பு, வெண்ணெய் சேர்த்துப் பத்து நிமிடம் விடாமல் பிசைந்தேன். வெங்காயத்தை வதக்கி ஆறவைத்து, பச்சை மிளகாய், கறிவேப்பிலை, கொத்தமல்லியைப் பொடியாக நறுக்கிக் கடைசியில் கலந்தேன். வெங்காயத்தைத் தவிர மற்ற மூன்றும் மாடியில் பறித்தவை; மிளகாய், சென்ற ஆண்டு நட்டு இன்னும் காய்த்துக்கொண்டிருக்கும் செடியில் வந்தது. மாவை ஈரத்துணியால் மூடிவிட்டு மேலே ஏறினேன்.

காலையில் முதல் வேலை அரசாணிக்கொடி (பறங்கிக்கொடி) தான், ஏனென்றால் அதன் பூ விடியற்காலையில் மலர்ந்து வெயில் ஏறுவதற்குள் சுருங்கிவிடும். மூன்றாம் மாடிக்குத் தேனீக்கள் அதிகம் வருவதில்லை என்பதால், காம்பு மட்டும் நீண்டிருக்கும் ஆண்பூவைப் பறித்து, இதழ்களை உரித்துவிட்டு, அடியில் பிஞ்சோடு இருக்கும் பெண்பூவின் நடுவில் மகரந்தத்தை மெல்லத் தடவி விடுகிறேன். இதைச் செய்யாவிட்டால் பிஞ்சு மஞ்சளாகிச் சில நாட்களில் உதிர்ந்துவிடும். ஆடிப்பட்டத்தில் விதைத்த கொடி இப்போதுதான் பெண்பூக்களை விடத் தொடங்கியிருக்கிறது. இந்த வேலை எனக்குத் தரும் மகிழ்ச்சியை அறுவடைகூடத் தருவதில்லை.

வெண்டைக்காயை முற்றவிடாமல் பறித்தேன். ஒரு செடியில் இலை நரம்புகள் மஞ்சளாகத் தொடங்கியிருந்தன. அது வெள்ளை ஈ பரப்பும் தேமல் நோய். வந்தபின் மருந்து கிடையாது. காய்க்கிற செடியாயிற்றே என்று மனம் தயங்கினாலும் உடனே பிடுங்கிவிடுவதே மற்ற செடிகளுக்கு நல்லது. அப்படியே செய்துவிட்டு, மீதிச் செடிகளின் இலையடிகளில் படும்படி, லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலோடு கலந்து தெளித்தேன். பசுவின் சாணம், கோமியம், பால், தயிர், நெய் சேர்த்துப் புளிக்கவைக்கும், கொடுமுடி மருத்துவர் கே. நடராஜன் ஊரெல்லாம் பரப்பிய பஞ்சகவ்யத்தை, லிட்டருக்கு 30 மில்லி வீதம், சாயங்காலம் கத்தரிக்குக் கொடுத்தேன்.

வடகிழக்குப் பருவமழை வருவதற்குள் செடி வளர்க்கும் பைகளின் அடித்துளைகளைக் குச்சியால் குத்திச் சரிபார்க்க வேண்டும். எல்லாப் பைகளையும் செங்கல்மேல் ஏற்றிவிட்டேன். தளத்தில் ஈரம் நிற்காது. குழித்தட்டில் காலிஃபிளவர் விதையும், நீளப் பையில் முள்ளங்கியும் ஊன்றினேன். முள்ளங்கி ஆறேழு வாரங்களில் கைக்கு வந்துவிடும்.

கீழே இறங்கியபோது மாவு இரண்டு மடங்காக உப்பியிருந்தது. கோவையின் காலைக் குளிருக்கு அதற்கு ஒன்றரை மணி நேரம் ஆகிறது. உங்கள் நெல்லையின் வெக்கைக்கு அவ்வளவு ஆகாது என்பதால், கடிகாரத்தை நம்பாமல், விரலால் அழுத்திப் பார்த்துக்கொள். பள்ளம் மெதுவாக மேலெழுந்தால் சரியான பதம். எட்டு உருண்டைகளாக உருட்டித் தட்டில் வைத்து, இன்னொரு முக்கால் மணி நேரம் உப்பவிட்டு, மேலே பால் தடவி, 190 டிகிரியில் இருபது நிமிடம் ஓவனில் வைத்தேன். கறிவேப்பிலை மணம் படிக்கட்டு வரை போயிருக்க வேண்டும். கீழ்வீட்டுப் பாட்டி தாமாகவே ஏறி வந்துவிட்டார்கள். சூடாக ஒன்றைப் பிட்டுக் கொடுத்து, மறுபடியும் காப்பி போட்டு, இருவரும் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தோம்.

உன் பால்கனியில் என்ன வைக்கலாம் என்று கேட்டாயே, அங்கே எத்தனை மணி நேரம் நேரடி வெயில் விழுகிறது என்பதை முதலில் பார். மூன்று நான்கு மணி நேரமே என்றால் கீரையும் கொத்தமல்லியும் புதினாவும் நன்றாக வரும். ஆறு மணி நேரம் கிடைத்தால் தக்காளியும் மிளகாயும் கத்தரியும் வைக்கலாம். மண், தேங்காய் நார்க் கழிவு, மண்புழு உரம் மூன்றையும் சம அளவில் கலந்து, ஒரு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கு சேர்த்துவிட்டால் தொடக்கத்துக்கு அதுவே போதும். தோட்டக்கலைத் துறை மானிய விலையில் தரும் மாடித்தோட்டத் தொகுப்பு உங்கள் ஊரிலும் கிடைக்கிறதா என்று அண்ணனை விசாரிக்கச் சொல். கடையில் வாங்கும் முன் அதைப் பார்த்துவிடுவது நல்லது.

செடியிலேயே காயவிட்டு எடுத்த வெண்டை விதையையும், சிறுகீரை விதையையும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டி இத்துடன் வைத்திருக்கிறேன். கீரையை இந்த வாரமே தூவிவிடு. வெண்டைக்கு வெயில் போதுமா என்பதை நீ அளந்து எழுதியபின் சொல்கிறேன்.

அன்புடன்,
சாந்தி