மூன்று சிலிண்டரை இரண்டு சில்லில் ஏற்றக் கைகொடுத்தோருக்கு நன்றி

அன்புடையீர்,

மாருதி 800 காரின் எஞ்சின் பூட்டிய மோட்டார் சைக்கிள் கிளிநொச்சியில் ஓடத் தொடங்கிவிட்டது. எப்படிச் செய்தது என்று கேட்டு வருகிறவர்கள் குறையவில்லை. யார் யார் எதைச் சொல்லித் தந்தார்கள், அது எந்தக் கோளாறைத் தடுத்தது என்று எழுதிவிட்டால் கேள்விக்குப் பதிலும் ஆகும், நன்றியும் ஆகும். பெயர்கள் போடவில்லை. ஊரையும் தொழிலையும் சொன்னால் வன்னியில் ஆளைத் தெரியாதவர் இல்லை.

முதல் நன்றி வவுனியாவில் பழைய வாகனம் கழற்றி விற்கும் அண்ணைக்கு. எஞ்சினைத் தனியாகக் கேட்டபோது, "முன்பக்கத்தை முழுசாக எடுங்கோ" என்று சொல்லி, பின்னால் இடிபட்ட காரின் எஞ்சின், கியர்பொக்ஸ், இரண்டு அக்சில், வயறிங், மவுண்டிங், கியர் தண்டு, பெற்றோல் பம்ப் எல்லாவற்றையும் சேர்த்தே தந்தார். இவற்றைத் தனித்தனியாகத் தேடினால் எஞ்சின் விலையைவிடக் கூடும். காரில் இருக்கும்போதே மூன்று சிலிண்டரிலும் கொம்பிறஷன் (உள்ளே காற்று இறுகும் அழுத்தம்) பார்க்க விட்டார்: 155, 160, 158 பிஎஸ்ஐ. இலக்கம் உயர்வாக இருப்பதைவிட மூன்றும் நெருங்கி இருப்பதுதான் முக்கியம். கழற்றுமுன் எஞ்சினின் தலையில் மட்டம் வைத்து எந்தக் கோணத்தில் சரிந்திருக்கிறது என்று குறித்துக்கொள்ளச் சொன்னதும் அவர்தான். சைக்கிளில் அதே சரிவில் உட்கார்ந்தால்தான் காபரேற்றரின் மிதவையும் கியர் ஒயில் மட்டமும் கார்க்காரர் கணக்குப்படி நிற்கும்.

மாருதியில் எஞ்சின் குறுக்காக இருக்கிறது. ஆகவே அதன் தண்டு பின்சில்லின் அச்சுக்குச் சமாந்தரமாக வரும். செயின் போட வசதி. ஒம்னி வானின் நெடுக்கு எஞ்சின் ஒடுக்கமானது, ஆனால் கியர்பொக்ஸ், குறுந்தண்டு, பின் டிபரன்ஷியல் (இரண்டு சில்லுக்கும் சுழற்சியைப் பிரிக்கும் பற்சில்லுக் கூடு) எல்லாம் வரிசையில் வந்தால் சில்லுக்குச் சில்லு இரண்டு மீற்றரைத் தாண்டிவிடும். குறுக்கு எஞ்சினில் நீளம் அடங்கும், அகலம் கூடும். கியர்பொக்ஸ் ஒருபக்கம் துருத்தும். துருத்துகிறது என்பதற்காக எஞ்சினைத் திருப்பிப் போட நினைப்பவர்களுக்கு ஒன்று: திருப்பினால் நாலு கியரும் பின்னோக்கி ஓடும், றிவேர்ஸ் ஒன்றுதான் முன்னோக்கி ஓடும்.

பாரத்தை நடுவுக்குக் கொண்டுவர உதவியவர் செயின் புளொக்கை (பாரம் தூக்கும் சங்கிலிக் கப்பி) இரவல் தந்த முறிகண்டி மரவேலைக்காரர். எஞ்சினையும் கியர்பொக்சையும் சேர்த்து ஒரு கொளுக்கியில் தூக்கி, அந்த இடத்திலிருந்து தூக்குக்குண்டு விட்டுச் சோக்கால் கோடு போடவேண்டும். பிறகு வேறொரு கொளுக்கியில் தூக்கி இன்னொரு கோடு. இரண்டும் வெட்டுகிற இடத்துக்கு நேரேதான் பாரத்தின் மையம் இருக்கிறது. அந்தப் புள்ளி இரண்டு சில்லின் நடுக்கோட்டில் விழுமாறு எஞ்சினை வைத்தோம். பார்வைக்கு எஞ்சின் ஒருபக்கம் தள்ளி நிற்கும், ஓட்டத்துக்கு நிற்காது. சட்டகம் ஒட்டும் வரைக்கும் எஞ்சின் அசையாமல் இருந்த முதிரைக் கட்டைகளும் அவருடையவை.

லேத் ஐயாவுக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் போதாது. காரில் டிபரன்ஷியல் இரண்டு சில்லுக்குப் பிரித்துக் கொடுக்கும். ஒரு பக்கத்தில் மட்டும் செயின் போட்டால் சுழற்சி முழுவதும் சும்மா சுற்றும் மற்றப் பக்கத்துக்குப் போய்விடும், சைக்கிள் நகராது. எனவே உள்ளே இருக்கும் சின்னப் பற்சில்லுகளைப் பூட்டவேண்டும். பலர் அப்படியே வெல்டிங் செய்துவிடுவார்கள். அதில் தெறிக்கும் துகள் ஒன்று கியருக்குள் தங்கினாலே பெயாரிங் போய்விடும். சூடு ஒருபக்கம் ஏறினால் கூடு கோணும். ஐயா சில்லுகளுக்கு நடுவில் இறுக்கமாக உட்காரும் இரும்புக் கட்டை ஒன்றைக் கடைந்து போட்டார். ஒட்டுத்தான் வழி என்றால் 7018 வெல்டிங் குச்சி, முன்கூட்டிய சூடு, பிறகு மண்ணெண்ணெயில் இரண்டு மூன்று தரம் கழுவுதல் என்று முறையும் சொன்னார். பயன்படாத பக்கத்து அக்சில் முனையை வெட்டி, தலையை மட்டும் அதே இடத்தில் விட்டோம். அது இல்லாவிட்டால் ஒயில் சீலுக்குப் பிடிக்க ஒன்றும் இராது.

செயின் போடும் பக்கத்து முனையில் பலர் தவறவிடும் இடம் ஒன்று இருக்கிறது. அந்தத் தண்டு முறுக்குவதற்காகச் செய்தது, வளைப்பதற்காக அல்ல. செயின் அதைப் பின்னோக்கி இழுக்கும். சில நூறு கிலோமீற்றரில் சீல் கசியும், பிறகு உள்ளே புஷ் தேயும். அதனால் ஸ்புறொக்கற்றுக்கு (செயின் ஏறும் பற்சில்லு) வெளிப்பக்கம் 6207 பெயாரிங் ஒன்று (உள்விட்டம் 35, வெளிவிட்டம் 72, தடிப்பு 17 மில்லிமீற்றர்) 10 மில்லிமீற்றர் தகட்டில் உட்காருகிறது. அந்தத் தகடு கியர்பொக்சின் உடம்போடு பூட்டியது. சட்டகத்தோடு பூட்டி எஞ்சினை றப்பரில் விட்டால், எஞ்சின் ஆடும்போது தகடு ஆடாது, தண்டு முறியும். அதேபோல ஸ்பிளைன் தண்டில் (நீளவாக்கில் பல் வெட்டிய தண்டு) நேரே வெல்டிங் வைக்கவேண்டாம். பதப்படுத்திய இரும்பு ஒட்டின் ஓரத்தில் வெடிக்கும். அக்சிலின் உட்கிண்ணத்தைக் கடைந்து, ஆறு எம்10 போல்ற்றில் ஸ்புறொக்கற்றைப் பிடித்திருக்கிறார்.

அறிவியல்நகரில் பொறியியல் படிக்கும் பிள்ளைகள் ஒரு கொப்பித் தாளில் போட்டுத் தந்த கணக்கு இல்லாவிட்டால் இந்தச் சைக்கிள் செயினை அறுத்துக்கொண்டே இருந்திருக்கும். வழமையான மோட்டார் சைக்கிளில் செயினுக்குப் பிறகும் வேகம் குறையும். இங்கே டிபரன்ஷியலில் முழுக்கக் குறைந்த பிறகுதான் செயின் வருகிறது. மெதுவாகச் சுற்றும், இழுவை மிக அதிகம். எஞ்சின் முறுக்கு 59 நியூட்டன் மீற்றர், முதல் கியர் 3.58, டிபரன்ஷியல் 4.35; பெருக்கினால் 919. பதினாறு பல் ஸ்புறொக்கற்றின் ஆரை 41 மில்லிமீற்றருக்கும் குறைவு, ஆகவே செயினில் வரக்கூடிய இழுவை ஏறத்தாழ 2300 கிலோ. ரயர் அதற்கு முன்பே வழுக்கிவிடும் என்பதால் அவ்வளவும் வராது. ஆனால் வழுக்கும் எல்லையிலேயே 16க்கு 20 போட்ட செயினில் ஆயிரம் கிலோ வரும். 28க்கு 35 போட்டால் அது 580 ஆகிறது. விகிதம் இரண்டிலும் 1.25தான். பல் கூடினால் ஆரை கூடும், இழுவை குறையும், அவ்வளவுதான் சங்கதி. ஆகவே 530 செயின், முன் 28, பின் 35.

அந்த 1.25 எங்கிருந்து வந்தது? காரின் 12 அங்குலச் சில்லு ஒரு சுற்றில் ஏறத்தாழ 1.6 மீற்றர் போகும், எங்கள் 18 அங்குலப் பின்சில்லு 2 மீற்றர். அந்த வித்தியாசத்தை ஸ்புறொக்கற்றில் ஈடுசெய்தால் எஞ்சினுக்குக் காரை இழுப்பதுபோலவே இருக்கும். நாலாம் கியரில் 3000 சுற்றுக்கு 74 கிலோமீற்றர் வேகம். பின்சில்லைத் தாங்கி மேலும் கீழும் ஆடும் பின்கையின் சுழல் போல்ற்றை முன் ஸ்புறொக்கற்றுக்கு எட்டுமளவு கிட்ட வைக்கவேண்டும் என்பதும் பிள்ளைகள் சொன்னதே. தள்ளி வைத்தால் ஒவ்வொரு குழியிலும் செயின் இறுகித் தளரும். முன் ஸ்புறொக்கற், சுழல் போல்ற், பின்சில்லு என்ற மூன்றின் மையமும் ஒரே கோட்டில் வரும்போது 30 மில்லிமீற்றர் தளர்வு இருந்தால் போதும்.

சட்டகம் ஒட்டிய மாங்குளத்து வெல்டிங் தம்பிக்கு நன்றி. தண்ணீர்க் குழாய் வேண்டாம் என்று ஒற்றைக்காலில் நின்றார். அது நெடுகப் பொருத்திய குழாய், வளைக்கும் இடத்தில் பொருத்து வாய்விடும். நாகப் பூச்சின் புகையும் நெஞ்சுக்கு ஆகாது. வெளிவிட்டம் 38, தடிப்பு 3 மில்லிமீற்றர் பொருத்தில்லாக் குழாயில் இரட்டைத் தொட்டில் சட்டகம். எல்லா மூட்டையும் முதலில் புள்ளி ஒட்டு வைத்து, பிறகு இடம் வலம் என்று மாறி மாறிச் சின்னச் சின்னதாக ஒட்டினார். ஒரே பக்கத்தை முடித்துவிட்டு மற்றதுக்குப் போனால் கழுத்துக்குழாய் இழுபட்டுவிடும், பிறகு நிமிர்த்த முடியாது. கழுத்து 30 பாகை சரிவு, முன்கவையின் தள்ளல் 60, சில்லின் ஆரை 320 மில்லிமீற்றர். கழுத்தின் கோடு தரையைத் தொடும் இடத்துக்கும் சில்லு தரையைத் தொடும் இடத்துக்கும் இடையிலான பின்னிழுப்பு 115 மில்லிமீற்றர். இது குறைந்தால் ஹாண்டில் உதறும், மிகக் கூடினால் கிராமத்து ஒழுங்கையில் திருப்ப முடியாது. சில்லுகளை நேர்பார்க்க முல்லைத்தீவுக் கடற்றொழிலாளர் ஒருவர் தந்த தங்கூசி (நைலோன் மீன்பிடி நூல்) அருமையாக உதவியது: இழுத்துப் பிடித்தால் தொய்யாது, பருத்தி நூலைப்போல் காற்றில் வயிறு வைக்காது.

பரந்தன் ரேடியேற்றர் அண்ணை பார்த்த ஒரு சின்ன விஷயம் எஞ்சினையே காப்பாற்றியது. சைக்கிளின் வடிவத்துக்காக ரேடியேற்றரைத் தாழ்த்தினால் அதன் மூடி தேமோஸ்ரற் (எஞ்சின் சூடேறும்வரை தண்ணீரை மறிக்கும் அடைப்பு) கூட்டைவிடக் கீழே போகும். அப்போது எஞ்சின் தலையில் காற்று தங்கும். தண்ணீர் நிரம்பியிருப்பதாகக் காட்டும், உள்ளே கஸ்கற் கருகும். மிக உயரமான இடத்தில் ஒரு சிறு நிரப்புக் குடுவை வைத்து, அழுத்த மூடியை அங்கே மாற்றினார். வெயில் ஊர் என்று தேமோஸ்ரற்றைக் கழற்றி எறிகிற வழக்கத்தை அவர் ஏற்பதில்லை. எஞ்சின் சூடேறாமல் ஓடினால் ஒயிலில் ஈரம் தங்கும், சிலிண்டர் தேயும். எங்கள் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீர் கேத்தலில் என்ன செய்கிறதோ அதையே எஞ்சினுக்குள்ளும் செய்யும். மழைத்தண்ணீரோ கூலன்ரோ மட்டும்.

கிளச் சிக்கலைத் தீர்த்தவர் விசுவமடுவில் லான்ட்மாஸ்டர் (இரண்டு சில்லு உழவு இயந்திரம்) திருத்துபவர். கார் கிளச்சைக் கைப்பிடியால் இழுக்க முடியாது. கைப்பிடி இழுக்கும் கேபிள் நீளம் குறைவு. நெம்பைக் குட்டையாக்கி அதற்குப் பொருத்தினால் பாரம் அந்த அளவு கூடும், கை மரத்துவிடும். காலால் மிதித்தால் இலேசு, ஆனால் நிறுத்தும்போது அந்தக் காலை நிலத்தில் ஊன்ற வேண்டுமே. லான்ட்மாஸ்டரின் கிளச் தண்டு விட்ட இடத்தில் நிற்பதைக் காட்டி, முன்னும் பின்னும் ஆடும் மிதி ஒன்றை உராய்வுத் தட்டோடு செய்து தந்தார். குதியால் அழுத்தினால் கிளச் விடுபட்டபடியே நிற்கும். கியர், பெற்றோல் தாங்கிக்குப் பக்கத்தில் கையால் போடுவது. றிவேர்ஸுக்கு ஒரு கொளுக்கி உண்டு, தூக்காமல் விழாது.

பற்றரியின் மறை முனையிலிருந்து எஞ்சின் உடம்புக்கு நேரே தடித்த வயர் போடச் சொன்ன ஓட்டோ எலெக்ரீசியனுக்கும் நன்றி. போடாவிட்டால் ஸ்ராற்றரின் மின்னோட்டம் கிளச் கேபிள் வழியே போய் அதை உருக்கிவிடும்.

பொருளாதாரத் தடை இருந்த தொண்ணூறுகளில் சில துளி பெற்றோலில் உயிர்ப்பித்து மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டிய பெரியவர்கள் இரண்டு பேர் வந்து, பிளக்குகளுக்கு மின்பொறியைப் பிரித்தனுப்பும் டிஸ்ரிபியூற்றரைப் பார்த்தார்கள். பொயின்ற் இடைவெளி 0.45, பிளக் 0.8 மில்லிமீற்றர் என்று புத்தகத்தில் இருப்பதை அவர்கள் காதாலேயே கண்டுபிடிப்பவர்கள். பெற்றோல் தாங்கி மேலே இருப்பதால் பம்ப் தேவையில்லை என்று நினைக்கவேண்டாம் என்றார்கள். கார் காபரேற்றரின் ஊசித்துளை பம்பின் அழுத்தத்துக்கு ஏற்றவாறு சிறியது. ஓரடி உயரத்துப் பெற்றோல் அந்த அழுத்தத்தில் பத்தில் ஒரு பங்கைத்தான் தரும், முழு முறுக்கலில் எஞ்சின் பசிக்கும். வளைவில் சரியும்போது ஒயில் ஒருபக்கம் போகாதா என்று பலரும் கேட்டார்கள். போகாது, ஓடும் வளைவில் பாரம் சைக்கிளின் நடுக்கோட்டிலேயே அழுத்தும், மிதவைக்கும் ஒயிலுக்கும் சரிந்ததே தெரியாது. பக்க ஸ்ராண்டில் நிறுத்தினால்தான் காபரேற்றர் வழியும். அதனால் நடு ஸ்ராண்ட்.

நெல் ஆலைத் தளத்தராசைத் தந்தவருக்கும் நன்றி. ஒரு சில்லைத் தராசிலும் மற்றதை அதே உயரக் கட்டையிலும் வைத்து நிறுத்ததில் முன் 138, பின் 154, மொத்தம் 292 கிலோ. ஆள் ஏறினால் பின்னால் 200ஐத் தாண்டும். ஆகவே பின் ரயரின் சுமைக் குறியீடு 62க்குக் குறையக்கூடாது, அது 265 கிலோ தாங்கும். காரின் தட்டை ரயர் வளைவில் சாயாது, இலவசமாக வந்தாலும் வேண்டாம். மன்னாரிலிருந்து வந்த பழைய யப்பான் சைக்கிளின் 41 மில்லிமீற்றர் முன்கவையும் இரட்டை டிஸ்க்கும் இந்தப் பாரத்துக்குப் போதுமானவை.

உலகத்தில் இது புதுமையும் இல்லை. ஜேர்மனியில் 1966இல் மூன்ஷ் என்பவர் என்எஸ்யூ கார் எஞ்சினில் செய்தார், பிரேசிலின் அமசோனாஸ் வோக்ஸ்வேகன் எஞ்சினோடு வந்தது. அவை பதிவுபெற்றவை, எங்களுடையது இல்லை. ஆகவே ஏ9 வீதியில் பார்க்கலாம் என்று காத்திருக்கவேண்டாம். தன் தென்னங்காணிக்குள் ஓட விட்ட அம்மாவுக்கு அதற்காகத் தனி நன்றி.

ஸ்புறொக்கற் தகட்டின் அட்டை அச்சும் டிபரன்ஷியல் கட்டையின் அளவுகளும் கராஜில் இருக்கின்றன. வேண்டியவர் வந்து படியெடுக்கலாம். செயின் புளொக் எண்ணெய் போட்டுத் தயாராக இருக்கிறது. பின்சில்லு குடத்துக்குள் போடும் றப்பர்க் கட்டைகள் மட்டும் மூன்று சிலிண்டரின் உதறலுக்குத் தேய்ந்துகொண்டு வருகின்றன. கடினமான றப்பர் உள்ளவர்கள், லொறி மவுண்டிங் என்றாலும் பரவாயில்லை, தெரியப்படுத்துங்கள்.

கராஜ் பெடியங்கள்,
கிளிநொச்சி.